சிவப்பு விளக்கு சொல்லும் சேதி

உங்கள் ஆசிரியர் ஒருவர் மின்சார ஸ்கூட்டர் வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் சார்ஜரைச் செருகிவிட்டுப் படுக்கிறார். காலையில் எழுந்து பார்த்தால் மின்கல அடுக்கு பாதிகூட நிரம்பவில்லை. சார்ஜரில் சிவப்பு விளக்கு கண்சிமிட்டிக் கொண்டிருக்கிறது. கையேட்டைப் புரட்டினால், அந்தச் சிமிட்டலுக்கு ‘உள்ளீட்டு மின்னழுத்தம் அதிகம்’ என்று பொருள் போட்டிருக்கிறது. செருகியைப் பிடுங்கி மறுபடி செருகுகிறார். உடனே பச்சை விளக்கு எரிகிறது. சார்ஜர் ஒழுங்காக வேலை செய்கிறது. மறுநாள் இரவும் இதே கதைதான்.

“சார்ஜர் கெட்டுவிட்டது, வேறு வாங்குங்கள்” என்கிறார் ஒருவர். “உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்றைத் துண்டித்துவிட்டால் போதும்” என்கிறார் இன்னொருவர். “கரண்டில்தான் கோளாறு” என்கிறார் மூன்றாமவர். இவர்களில் யார் சொல்வது சரி?

ஊகத்தால் இதற்கு விடை காண முடியாது. அளந்து பார்த்துத்தான் சொல்ல முடியும். தவறாக ஊகித்தால் பணம் வீணாகும். சில சமயம் வீடே ஆபத்துக்கு உள்ளாகும். ஆகவே, இந்தச் சிவப்பு விளக்கின் சேதியைச் சரியாகப் படிப்பது எப்படி என்று காண்போம்.

சார்ஜர் ஏன் மறுக்கிறது?

நம் வீடுகளுக்கு வருவது மாறுதிசை மின்னோட்டம். மின்கல அடுக்குக்கு வேண்டியதோ நேர்திசை மின்னோட்டம். இந்த மாற்றத்தைச் செய்வதுதான் சார்ஜரின் வேலை. முதலில் திருத்தி, மாறுதிசை மின்னோட்டத்தை ஒரே திசையில் ஓடச் செய்கிறது. அடுத்து, ஒரு பெரிய மின்தேக்கி அதன் ஏற்ற இறக்கங்களைச் சமன் செய்கிறது. பிறகு, மின்னணுச் சுவிட்சுகள் நொடிக்குப் பல ஆயிரம் முறை திறந்து மூடி, ஒரு சிறிய மின்மாற்றியின் வழியாக, மின்கல அடுக்குக்கு ஏற்ற மின்னழுத்தத்தைத் தருகின்றன.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். வீட்டு மின்சாரம் 230 வோல்ட் என்று சொல்கிறோம். அது அதன் உச்ச அளவன்று. மாறுதிசை மின்னழுத்தம் அலைபோல் ஏறி இறங்குவது. அந்த அலையின் உச்சம் 230 வோல்ட்டைப் போல் 1.414 மடங்கு, அதாவது 325 வோல்ட். சார்ஜருக்குள் இருக்கும் மின்தேக்கி இந்த உச்சத்தைத்தான் தாங்கியாக வேண்டும். அத்தகைய மின்தேக்கிகளின் உடலில் 400 வோல்ட் அல்லது 450 வோல்ட் என்று அச்சிட்டிருப்பார்கள். அதுவே அவற்றின் எல்லை.

வீட்டு மின்னழுத்தம் 265 வோல்ட்டாக உயர்ந்தால் உச்சம் 375 வோல்ட் ஆகிறது. இன்னும் தாங்கும். 300 வோல்ட்டாக உயர்ந்தால் உச்சம் 424 வோல்ட். 400 வோல்ட் மின்தேக்கி எல்லையைத் தாண்டிவிட்டது. அது சூடேறும், உப்பும், வெடிக்கவும் கூடும். மின்னணுச் சுவிட்சுகளும் அதனோடு சேர்ந்து கருகிப்போகலாம்.

இதனால்தான் பல சார்ஜர்களில் உள்ளீட்டுக்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறார்கள். சார்ஜரின் மேல் ஒட்டியுள்ள சீட்டைப் பாருங்கள். எத்தனை வோல்ட் முதல் எத்தனை வோல்ட் வரை என்று அதில் இருக்கும். மேல் எல்லை 265 வோல்ட்டை ஒட்டி இருப்பது வழக்கம். அதைத் தாண்டினால் சார்ஜர் சுவிட்சுகளை இயக்காமல் நிறுத்திவிட்டு, சிவப்பு விளக்கைக் காட்டும். மறுப்பது அதன் கடமை. எனவே பாதுகாப்புச் சுற்றைத் துண்டிக்கச் சொல்லும் யோசனையை இப்போதே ஒதுக்கிவிடலாம். காய்ச்சல்மானியை உடைத்தால் காய்ச்சல் தணிந்துவிடுமா?

சார்ஜர் பொய் சொல்லுமா?

ஆனால் சார்ஜர் சொல்வது எப்போதும் உண்மையாக இருக்கும் என்றும் நம்பிவிடக் கூடாது. அது எப்படி அளக்கிறது என்று தெரிந்தால் இது விளங்கும்.

சார்ஜருக்குள் இருக்கும் நுண்செயலி சில வோல்ட்டுகளைத்தான் நேரடியாக அளக்கும். 325 வோல்ட்டை அதனிடம் கொடுத்தால் அந்தக் கணமே எரிந்துவிடும். ஆகவே, தொடராக இணைத்த மின்தடைகளால் மின்னழுத்தத்தைப் பங்கிட்டு, ஒரு சிறு பங்கை மட்டும் அதற்குக் காட்டுகிறார்கள். மேலே 990 கிலோ ஓம், கீழே 10 கிலோ ஓம் என்று இரு மின்தடைகள் இருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 1000 கிலோ ஓம். கீழ் மின்தடையின் குறுக்கே கிடைப்பது நூற்றில் ஒரு பங்கு. 325 வோல்ட் வந்தால் நுண்செயலி காண்பது 3.25 வோல்ட். அதை நூறால் பெருக்கி உண்மையான அளவை அது அறிந்துகொள்கிறது.

வெப்பத்தாலோ, பற்றவைப்பில் விழுந்த விரிசலாலோ கீழ்ப்பகுதியின் மின்தடை 10 கிலோ ஓமிலிருந்து 12 கிலோ ஓமாகக் கூடிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். இப்போது நுண்செயலிக்குக் கிடைப்பது 3.89 வோல்ட். அது வழக்கம்போல் நூறால் பெருக்குகிறது. உச்சம் 389 வோல்ட் என்று முடிவு கட்டுகிறது. அதாவது, 230 வோல்ட் வந்தாலும் 275 வோல்ட் வருவதாக நினைத்துக்கொண்டு சிவப்பு விளக்கைப் போடுகிறது. ஈரமும் தூசியும் சேர்ந்து மேல் மின்தடையின்மீது மின்சாரத்துக்கு ஒரு கள்ளவழி அமைத்துவிட்டாலும் இதே தவறு நேரும்.

ஆக, நம்முன் இரண்டு கருதுகோள்கள் இருக்கின்றன. ஒன்று, மின்னழுத்தம் உண்மையிலேயே அதிகம். மற்றொன்று, மின்னழுத்தம் சரியாக இருக்கிறது. அளக்கும் சுற்றுதான் தவறு. முதலாவதை முதலில் ஆராய்வோம்.

மின்னழுத்தம் எப்போது உயர்கிறது?

தெருமுனையில் நிற்கும் மின்மாற்றியைப் பார்த்திருப்பீர்கள். அது 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு அனுப்புகிறது. நம் நாட்டில் இத்தகைய மின்மாற்றிகளின் பெயர்ப்பலகையில் பொதுவாக 11,000/433 வோல்ட் என்று காணலாம். 433 என்பது இரண்டு ஃபேஸ் கம்பிகளுக்கு இடையே, சுமை இல்லாதபோது உள்ள அளவு. ஒரு ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே கணக்கிட்டால் அது 250 வோல்ட். 230 வோல்ட் வேண்டிய இடத்தில் ஏன் 250 வோல்ட்?

இதற்கு விடை ஓம் விதியில் இருக்கிறது. ஜெர்மானிய அறிஞர் ஜார்ஜ் சைமன் ஓம் 1827இல் வெளியிட்ட அந்த விதியைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். கம்பிக்கும் மின்தடை உண்டு. மின்னோட்டம் பாயும்போது கம்பியின் நீளத்தில் கொஞ்சம் மின்னழுத்தம் இழப்பாகிறது. போகும் கம்பியும் திரும்பும் கம்பியும் சேர்ந்து 0.25 ஓம் என்றும், மாலையில் தெருவுக்கு 80 ஆம்பியர் பாய்கிறது என்றும் கொண்டால், இழப்பு 20 வோல்ட். தெருக்கோடி வீட்டுக்கு 230 வோல்ட் சரியாகப் போய்ச் சேரும். இந்த இழப்பை எதிர்பார்த்துத்தான் தொடக்கத்தில் சற்றுக் கூடுதலாக அனுப்புகிறார்கள்.

நள்ளிரவில் என்ன ஆகும்? விளக்குகள் அணைந்துவிட்டன, மின்னோட்டம் 10 ஆம்பியராகக் குறைந்துவிட்டது. இழப்பு வெறும் 2.5 வோல்ட். அதே வீட்டுக்கு இப்போது 247 வோல்ட்டுக்கு மேல் வருகிறது. மின்மாற்றியில் சுருளின் சுற்றுகளைக் கூட்டவும் குறைக்கவும் ‘டேப்’ எனப்படும் இணைப்பு முனைகள் உண்டு. கோடையில் மின்னழுத்தம் போதவில்லை என்று யாரோ முறையிட, அதை ஒரு படி, இரண்டு படி உயர்த்தி வைத்திருந்தால், நள்ளிரவில் 265 வோல்ட்டைத் தாண்டுவதில் வியப்பில்லை. மின்மாற்றிக்கு அருகில் உள்ள வீடுகளுக்கே இதனால் அதிகத் தொல்லை.

பகலில் உயரும் இடங்களும் உண்டு. கூரையில் சூரிய மின்தகடுகள் பொருத்திய வீடுகள் வெயில் நேரத்தில் மின்சாரத்தைத் தெருக் கம்பிக்கு அனுப்புகின்றன. அப்போது மின்னோட்டம் வீட்டிலிருந்து மின்மாற்றியை நோக்கிப் பாய்கிறது. திசை மாறியதால், கம்பியில் முன்பு கழிந்த வோல்ட்டுகள் இப்போது கூடுகின்றன. தெருக்கோடி வீட்டின் மின்னழுத்தம் மின்மாற்றியில் உள்ளதைவிட அதிகமாகிவிடும்.

மூன்றாவது காரணம் வீட்டுக்குள்ளேயே இருக்கலாம். குறைந்த மின்னழுத்தத்தை உயர்த்தித் தரும் ஸ்டெபிலைசர் வழியாகச் சார்ஜரை இணைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அதற்குள் இருக்கும் ரிலேயின் தொடுமுனைகள் உருகி ஒட்டிக்கொண்டால், தேவை இல்லாதபோதும் அது உயர்த்திக்கொண்டே இருக்கும். 20 விழுக்காடு உயர்த்தும் ஸ்டெபிலைசர் 230 வோல்ட்டை 276 வோல்ட்டாக்கிவிடும்.

எது காரணமாக இருக்க முடியாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். நீளமான மெல்லிய ஒயரோ, தளர்ந்த செருகியோ மின்னழுத்தத்தைக் குறைக்கும்; சூடேறும்; தீப்பற்றவும் வைக்கும். ஆனால் 230 வோல்ட்டை 270 வோல்ட்டாக உயர்த்தி நிறுத்தாது.

எல்லாவற்றிலும் ஆபத்தானது

நான்காவது காரணத்தைத் தனியாகச் சொல்ல வேண்டும். அது நியூட்ரல் கம்பி அறுவது.

மூன்று ஃபேஸ் கம்பிகளும் ஒரு நியூட்ரல் கம்பியும் தெருவில் ஓடுகின்றன. ஒவ்வொரு வீட்டுக்கும் ஏதேனும் ஒரு ஃபேஸும், எல்லா வீடுகளுக்கும் பொதுவான நியூட்ரலும் கொடுத்திருக்கிறார்கள். ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே 230 வோல்ட் இருந்தால், ஒரு ஃபேஸுக்கும் மற்றொரு ஃபேஸுக்கும் இடையே 398 வோல்ட் இருக்கும்.

தெருவில் பொது நியூட்ரல் அறுந்துவிட்டது என்று கொள்வோம். வேறு வேறு ஃபேஸில் உள்ள இரண்டு வீடுகளை மட்டும் எண்ணிப் பாருங்கள். முதல் வீட்டில் 2000 வாட் வெந்நீர்க் கொதிகலன் ஓடுகிறது. அதன் மின்தடை ஏறத்தாழ 26 ஓம். இரண்டாம் வீட்டில் மொத்தம் 500 வாட் சாதனங்கள். மின்தடை ஏறத்தாழ 106 ஓம். திரும்பிப்போக நியூட்ரல் இல்லாததால், மின்னோட்டம் ஒரு ஃபேஸிலிருந்து இரு வீடுகளையும் தொடராகக் கடந்து மற்ற ஃபேஸுக்குப் போகிறது. 398 வோல்ட்டை இரு வீடுகளும் மின்தடைக்கு ஏற்பப் பங்கிட்டுக்கொள்கின்றன. முதல் வீட்டுக்கு 80 வோல்ட். இரண்டாம் வீட்டுக்கு 318 வோல்ட்!

சற்று முன் பார்த்த மின்தடைப் பங்கீடு இங்கே தெரு அளவில் நடக்கிறது. குறைவாக மின்சாரம் பயன்படுத்தும் வீட்டில்தான் பொருள்கள் எரியும். பக்கத்து வீட்டில் ஒரு சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் உங்கள் வீட்டு விளக்கின் ஒளி மாறும். ஒரு வீட்டில் விளக்கு மங்கும். இன்னொரு வீட்டில் கண்ணைப் பறிக்கும். நியூட்ரல் கம்பியிலேயே ஆளைக் கொல்லும் அளவு மின்னழுத்தம் ஏறியிருக்கக் கூடும்.

இந்த அறிகுறிகளைக் கண்டால் ஆராய்ச்சி செய்துகொண்டிருக்கக் கூடாது. பெரியவர்களிடம் சொல்லி உடனே மெயின் சுவிட்சை அணைக்கச் சொல்லுங்கள். மின்வாரியத்துக்குத் தகவல் கொடுங்கள். அண்டை வீட்டாரையும் எச்சரியுங்கள். சிவப்பு விளக்குக் காட்டிய சார்ஜர் அந்தத் தெருவுக்கே காவல்காரனாக இருந்திருக்கிறது என்பதை அப்போது உணர்வீர்கள்.

ஒரு சிறு குறிப்பு: ஒற்றை ஃபேஸ் இணைப்பு மட்டும் உள்ள வீட்டுக்குள் நியூட்ரல் அறுந்தால் சாதனங்கள் நின்றுபோகுமே தவிர, மின்னழுத்தம் உயராது. உயர்ந்திருந்தால் அறுந்த இடம் வீட்டுக்கு வெளியே இருக்கிறது. மூன்று ஃபேஸ் இணைப்பு உள்ள வீடாக இருந்தால் உள்ளேயும் தேட வேண்டும்.

துப்புத் துலக்குவோம்

இப்போது ஆசிரியரின் சார்ஜருக்கு வருவோம். முதலில் குறியீட்டைச் சரியாகப் படிக்க வேண்டும். மின்கல அடுக்கின் பக்கம் மின்னழுத்தம் மிகுந்தாலும் சிவப்பு விளக்கு எரியலாம். அது வேறு கோளாறு. கையேட்டில் ‘உள்ளீடு’ என்று இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

அடுத்து நேரத்தைக் குறியுங்கள். எந்த நேரத்தில் விளக்கு எரிகிறது என்பது பாதி விடையைச் சொல்லிவிடும். நள்ளிரவில் மட்டும் எரிந்தால் சுமைக் குறைவு. வெயில் உச்சியில் மட்டும் எரிந்தால் சூரிய மின்சாரம். ஸ்டெபிலைசர் வழியாக இணைத்தால் மட்டும் எரிந்தால் ஸ்டெபிலைசர். விளக்குகள் துள்ளும்போது எரிந்தால் நியூட்ரல். எந்த நேரத்திலும், எந்த இடத்திலும் எரிந்தால் சார்ஜரின் அளக்கும் சுற்று.

மூன்றாவதாக, மாற்றிப் பார்க்கும் சோதனை. சார்ஜரையும் வண்டியையும் வேறு மின்மாற்றியிலிருந்து மின்சாரம் வரும் வீட்டுக்கு எடுத்துச் சென்று, அதே நேரத்தில் இணைத்துப் பார்க்க வேண்டும். பக்கத்து வீடு போதாது. அதுவும் அதே கம்பியில் இருக்கலாம். பிறகு இன்னொருவரின் வண்டியை அதன் சொந்தச் சார்ஜருடன் ஆசிரியர் வீட்டில் இணைக்க வேண்டும். நம் சார்ஜர் எங்கும் மறுத்து, மற்றது இங்கே ஒழுங்காக ஓடினால் குற்றம் சார்ஜருடையது. நம் சார்ஜர் அங்கே ஓடி, இரண்டுமே இங்கே மறுத்தால் குற்றம் மின்சாரத்தினுடையது. மற்றது மட்டும் இங்கே ஓடினாலோ அவசரப்பட வேண்டாம். அதன் மேல் எல்லை சற்று உயரமாக இருக்கலாம். சீட்டைப் பாருங்கள். ஒரு வண்டியின் சார்ஜரை மற்றொரு வண்டியின் மின்கல அடுக்கில் மட்டும் ஒருபோதும் இணைக்கக் கூடாது.

நான்காவதாக, அளவீடு. இது தகுதி பெற்ற எலக்ட்ரீஷியனின் வேலை. சுவர்ச் செருகியில் அளக்கும் பொறுப்பை நீங்கள் ஏற்க வேண்டாம். சார்ஜரைத் திறக்கவும் வேண்டாம். செருகியை எடுத்த பிறகும் மின்தேக்கியில் மின்னூட்டம் தங்கியிருக்கும். எலக்ட்ரீஷியன் ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் இடையே அளப்பார். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையேயும் அளப்பார். பின்னது சாதாரணமாகச் சில வோல்ட்டுகளே இருக்க வேண்டும். அது பல பத்து வோல்ட்டுகளாக இருந்தால் நியூட்ரலில் கோளாறு. அவருடைய மல்டிமீட்டரின் மின்கலம் தளர்ந்திருந்தால் அதுவும் உள்ளதைவிட அதிகமாகக் காட்டக் கூடும். எனவே இரண்டு மீட்டர்களில் அளந்து ஒப்பிடுவது நல்லது.

நீங்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. சில வீடுகளில் மின்னணு மின்மீட்டரின் திரையில் மின்னழுத்தமும் மாறி மாறித் தோன்றும். ஸ்டெபிலைசரின் முகப்பிலும் பார்க்கலாம். அதைத் தொடாமல் படித்து, நேரத்தோடு நோட்டில் எழுதுங்கள். ஆசிரியர் வீட்டில் கிடைத்த அட்டவணை இப்படி இருப்பதாகக் கொள்வோம்:

மாலை 7 மணி: 238 வோல்ட்
இரவு 9 மணி: 244 வோல்ட்
இரவு 11 மணி: 258 வோல்ட்
இரவு 1 மணி: 267 வோல்ட் (சிவப்பு விளக்கு)
காலை 5 மணி: 262 வோல்ட்
காலை 7 மணி: 249 வோல்ட்

பார்த்த மாத்திரத்தில் உங்களுக்கு விளங்கியிருக்கும். சார்ஜர் பொய் சொல்லவில்லை. காலையில் அவர் மறுபடி செருகியபோது பச்சை விளக்கு எரிந்ததும் இதனால்தான். அதற்குள் மின்னழுத்தம் தானாகவே இறங்கிவிட்டது. புதிய சார்ஜர் வாங்கியிருந்தால் அதுவும் இரவு 1 மணிக்கு மறுத்திருக்கும்.

மின்னழுத்தம் வரம்பு மீறாமல் தருவது மின்சாரம் வழங்குவோரின் பொறுப்பு. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளே, வீடுகளுக்குத் தரும் மின்னழுத்தம் அறிவித்த அளவிலிருந்து 6 விழுக்காட்டுக்கு மேல் மாறக் கூடாது என்று வகுத்திருந்தன. அந்த விதிகளின் இடத்தில் பின்னர் புதிய ஒழுங்குமுறைகள் வந்துவிட்டாலும் அந்தப் பொறுப்பு மாறவில்லை. “எங்கள் வீட்டில் வோல்டேஜ் சரியில்லை” என்று வாயால் சொல்வதைவிட, ஏழு இரவுகளின் அட்டவணையை எழுதி மின்வாரிய அலுவலகத்தில் கொடுத்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று பொறியாளருக்கு உடனே தெரிந்துவிடும். மின்மாற்றியின் மின்சாரத்தை நிறுத்தி, டேப்பை ஒரு படி இறக்கினால் போதும். சார்ஜரோடு அந்தத் தெருவின் குளிர்பதனப் பெட்டிகளும் விளக்குகளும் பிழைத்துக்கொள்ளும். அதன் பிறகும் ஒரு வாரம் குறித்துப் பாருங்கள். மாலை நேரத்தில் தெருக்கோடி வீட்டுக்கு மின்னழுத்தம் குறைந்துவிடவில்லை என்று உறுதியானால்தான் சிகிச்சை முடிந்ததாகப் பொருள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்ப்பது, அளந்ததை அப்படியே எழுதுவது, அளக்கும் கருவியையும் சந்தேகிப்பது: இவை ஆய்வுக்கூடத்தில் நீங்கள் கற்கும் பழக்கங்கள்தாம். அடுத்த முறை எங்கேனும் ஒரு சிவப்பு விளக்கு கண்சிமிட்டினால், அதை அணைப்பதற்கு வழி தேடாதீர்கள். அது என்ன சொல்கிறது, எந்த நேரத்தில் சொல்கிறது என்று முதலில் நோட்டில் எழுதுங்கள்.